பழைய எம்.ஜி.பி.யில் டைமிங் குறி: கீழே தேடுவதா, மேலே வைப்பதா?

அறுபதுகளில் வந்த எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு நாள் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். பானெட் திறந்திருக்கிறது, எஞ்சின் ஓடுகிறது, பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, பார்க்க மின்னும் டைமிங் லைட் கையில் தயார். ஆனால் வெளிச்சத்தை எங்கே அடிப்பது? கிராங்க் புல்லியின் மேல்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம் எங்கே பார்த்தாலும் குறி கிடையாது. துருவும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் இருக்கும்.

குறி இல்லாமல் இல்லை. அது எஞ்சினுக்கு அடியில் இருக்கிறது. ஆரம்பகால எம்.ஜி.பி.யில் டைமிங் செயினை மூடும் கவரின் கீழ் விளிம்பில் மூன்று சிறிய முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். நீளமான முள் டி.டி.சி., அதாவது ஒன்றாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை. மற்ற இரண்டும் டி.டி.சி.க்கு முன் 5 டிகிரி, 10 டிகிரி. புல்லியின் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். அந்த வெட்டு எந்த முள்ளுக்கு நேராக வருகிறது என்று பார்ப்பதுதான் கணக்கு. ஆனால் அதற்கு நேர் கீழேயும் முன்னேயும் ஸ்டியரிங் ரேக்கும் குறுக்குச் சட்டமும் அடைத்துக்கொண்டு நிற்கின்றன. மேலிருந்து குனிந்து பார்த்தால் ஃபேன் மறைக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த 18வி எஞ்சின்களில் இந்த முட்களை மேல்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். முதல் பத்து வருடக் கார்களை வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி இல்லை.

சரி, என்ன செய்யலாம்? வழிகள் நான்கு. கீழே இருப்பதையே சுத்தம் செய்து பயன்படுத்தலாம். பிற்காலத்துக் கவரையும் புல்லியையும் வாங்கி மாட்டலாம். உண்மையான டி.டி.சி.யை நாமே கண்டுபிடித்து மேல்பக்கம் சொந்தமாக ஒரு குறி வைக்கலாம். அல்லது குறியே வேண்டாம் என்று காதாலும் ஓட்டத்தாலும் டைமிங் வைக்கலாம். நான்கையும் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நான் மூன்றைச் செய்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த வழியில் போனாலும், அந்தக் குறி உண்மையைச் சொல்கிறதா என்று ஒரு முறையாவது சோதிக்காமல் அதை நம்பக் கூடாது. அந்தச் சோதனையைச் செய்யும்போதே மூன்றாவது வழியில் முக்கால்வாசி தூரம் வந்துவிட்டிருப்பீர்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என்னுடைய 1965 ரோட்ஸ்டர். வாங்கிய முதல் கோடையில் கீழே படுத்து, முட்களைச் சுரண்டி, வெள்ளைப் பெயிண்ட் தொட்டு, புத்தகத்தில் போட்டபடி டைமிங் வைத்தேன். கார் ஓடியது, ஆனால் சோம்பலாக ஓடியது. மேட்டில் மூன்றாம் கியரில் இழுக்கவே இல்லை. தண்ணீர்ச் சூடு எப்போதும் கொஞ்சம் கூடுதல். கார்புரேட்டரைச் சந்தேகப்பட்டு இரண்டு எஸ்.யு.க்களையும் கழற்றிப் பூட்டினேன், பயனில்லை. கடைசியில் பிஸ்டன் ஸ்டாப் (பிளக் துளையில் திருகி பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் போல்ட்) வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. புல்லி வெட்டு டி.டி.சி. முள்ளுக்கு நேராக நின்றபோது பிஸ்டன் ஏற்கெனவே உச்சியைத் தாண்டி 7 டிகிரி வந்திருந்தது. எனக்கு முன்னால் யாரோ, எந்த வருடமோ, வேறு எஞ்சினின் புல்லியை மாட்டிவிட்டிருக்கிறார்கள். 10 டிகிரி என்று நான் வைத்தது உண்மையில் 3 டிகிரிதான். தீப்பொறி தாமதமாக வந்தால் எரிபொருள் எரிந்து முடியும் முன்பே பிஸ்டன் கீழே இறங்கிவிடும். வேலை செய்ய வேண்டிய வெப்பம் எக்ஸாஸ்ட் வழியாகப் போகும். சோம்பலும் சூடும் அதனால்தான்.

ஐம்பது அறுபது வருடம் ஓடிய காரில் இது அதிசயமே இல்லை. எம்.ஜி.பி. 1962இல் தொடங்கி 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட கார். உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும். ஒன்றுக்கு ஒன்று மாட்டியும்விடலாம். அதனாலேயே கவர் ஒரு வருடத்தது, புல்லி இன்னொரு வருடத்தது என்று கலந்துபோன எஞ்சின்கள் நிறைய. இன்னொரு வகைக் கோளாறும் உண்டு. சில எஞ்சின்களின் புல்லி ஒரே இரும்புத் துண்டு அல்ல. உள்வட்டம், வெளிவட்டம், நடுவில் அதிர்வை வாங்க ரப்பர். ட்ரயம்ஃப் டி.ஆர். 6 வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ரப்பர் பழசாகிப் பிடி விட்டால் வெளிவட்டம் மெல்ல நழுவும். குறி இருப்பது வெளிவட்டத்தில். எஞ்சின் ஒரு பக்கம் சரியாக இருக்க, குறி மட்டும் பொய் சொல்லத் தொடங்கும்.

இப்போது வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, கீழே உள்ள குறியையே பயன்படுத்துவது. செலவு கிடையாது. காரின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டில் நிறுத்தி, அடியில் போய் கம்பி பிரஷ்ஷால் முட்களையும் புல்லி விளிம்பையும் தேய்த்தால் எல்லாம் தெரியும். வெட்டில் வெள்ளைப் பெயிண்டோ, அலுவலகத்தில் எழுத்தை அழிக்கப் பயன்படுத்தும் வெள்ளைத் திரவமோ ஒரு சொட்டு வைத்தால் போதும். எந்த முள் எது என்ற குழப்பம் வந்தால் ஒரு எளிய விதி உண்டு. முன்னால் நின்று பார்த்தால் இந்த எஞ்சின் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றும். அடிப்பக்கத்தில் வெட்டு வலமிருந்து இடமாக வரும். முதலில் சந்திப்பது 10, அடுத்தது 5, கடைசியில் டி.டி.சி. அட்வான்ஸ், அதாவது உச்சிக்கு முந்திய டிகிரி, முதலில்; உச்சி கடைசியில். முட்கள் மேலே இருக்கும் எஞ்சினிலும் இதே வரிசைதான், திசை மட்டும் இடமிருந்து வலம்.

எஞ்சினை நிறுத்தி வைத்து டைமிங் வைக்க இது நன்றாகவே உதவும். 12 வோல்ட் பல்பு ஒன்றை டிஸ்ட்ரிபியூட்டரின் (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் பாகம்) லோ டென்ஷன் முனைக்கும் பாடிக்கும் நடுவில் இணைத்து, இக்னிஷனை ஆன் செய்துவிட்டு, எஞ்சினைக் கையால் சுற்றினால் அதற்குள் இருக்கும் பாயிண்ட் (தீப்பொறியைத் தூண்டும் தொடுமுனை) திறக்கும் நொடியில் பல்பு எரியும். ஆரம்பகால 18ஜி வரிசை எஞ்சின்களுக்குப் புத்தகம் சொல்வது டி.டி.சி.க்கு முன் 10 டிகிரி. அதற்கு முன் பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். சுற்றும்போது எப்போதும் முன்னோக்கியே வர வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி முன்னோக்கி வாருங்கள். செயினிலும் டிஸ்ட்ரிபியூட்டர் கியரிலும் உள்ள தளர்வு அப்போதுதான் ஒரே பக்கம் ஒதுங்கும். பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் மாட்யூல் போட்டிருந்தால் இந்தப் பல்பு முறையை மறந்துவிடுங்கள். எஞ்சின் நிற்கும்போது இக்னிஷனை ஆனில் வைத்தாலே சில மாட்யூல்கள் சூடாகிக் கெட்டுவிடும்.

இந்த வழியின் உண்மையான பலவீனம் எஞ்சின் ஓடும்போதுதான் தெரியும். ஓடும் எஞ்சினுக்கு அடியில், சுற்றும் ஃபேனுக்கு ஒரு சாண் தூரத்தில், எக்ஸாஸ்ட் புகை தரையோடு தங்கும் இடத்தில் படுத்துக்கொண்டு டைமிங் லைட் பிடிப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நீளக் கைப்பிடிக் கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து மேலிருந்து பார்ப்பவர்கள் உண்டு. பார்க்கலாம், ஆனால் கண்ணாடியில் இடம் வலமாகும், அட்வான்ஸ் எந்தப் பக்கம் என்று தலை சுற்றும். இன்னொரு குறை, முட்கள் 10 டிகிரியோடு முடிந்துவிடுகின்றன. அதே புத்தகம் ஓடும் எஞ்சினுக்கு 600 ஆர்.பி.எம்.மில் 14 டிகிரி என்கிறது. 14க்கு முள் இல்லை. கண்ணால் ஊகிக்க வேண்டியதுதான்.

இரண்டாவது வழி, பிற்காலத்து மேல் முள் கவர். காகிதத்தில் பார்த்தால் இதுதான் நேர்த்தியானது. தொழிற்சாலைப் பாகம், தொழிற்சாலைக் குறி, மேலிருந்து பார்த்தாலே தெரியும். ஆனால் மூன்று விஷயங்களை யோசித்துவிட்டுப் போங்கள். ஒன்று, கவரை மட்டும் மாற்றினால் போதாது. முள் கீழிருந்து மேலே போனதால் புல்லியில் வெட்டின் இடமும் மாறியது. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், இல்லையென்றால் குறி முற்றிலும் தவறாகிவிடும். இரண்டு, வேலை பெரிது. ரேடியேட்டர் வெளியே வர வேண்டும், புல்லியின் பெரிய போல்ட் அசைய வேண்டும், புல்லி முன்னால் வர ஸ்டியரிங் ரேக் இடம் விட வேண்டும். பல வருடம் அசையாத அந்த போல்ட் சாதாரணமாக அசையாது. மூன்று, கவருக்குள் ஆயில் சீல் இருக்கிறது, அதற்குப் பின்னால் எண்ணெயைத் தெறித்து விலக்கும் தட்டு இருக்கிறது. கவருக்குப் பொருந்தும் தட்டைத்தான் போட வேண்டும். கவரை இறுக்கும் முன் புல்லியைச் சீலுக்குள் நுழைத்து நடுப்படுத்தாவிட்டால் புதுச் சீலும் ஒழுகும்.

அதனால் என் கருத்து: எஞ்சின் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே வெளியே இருக்கிறது, அல்லது டைமிங் செயின் மாற்றுகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள், மகிழ்ச்சியாகச் செய்யுங்கள். டைமிங் குறிக்காக மட்டும் இவ்வளவும் கழற்றுவது தேவையற்றது. செய்தாலும், வாங்கிய புல்லியும் பழையதுதான், அதன் குறியையும் சோதித்தே ஆக வேண்டும்.

மூன்றாவது வழிதான் என் மனசுக்குப் பிடித்தது. அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

ஒன்றாவது பிளக்கைக் கழற்றி, துளையில் ஸ்க்ரூடிரைவர் விட்டு, அது மேலே வந்து நிற்கும் இடம்தான் டி.டி.சி. என்று பலர் சொல்வார்கள். தோராயமாக அறிய அது போதும், குறி வைக்கப் போதாது. இந்த எஞ்சினின் ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. அவ்வளவு நீளப் பயணம் செய்யும் பிஸ்டன் உச்சிக்கு அருகில் ஏறக்குறைய அசைவதே இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். உச்சியிலிருந்து 1 டிகிரி தள்ளினால் பிஸ்டன் இறங்குவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூட இல்லை. 5 டிகிரிக்குச் சுமார் 0.2 மி.மீ. 10 டிகிரிக்குக்கூட ஒரு மில்லிமீட்டரை எட்டாது. ஸ்க்ரூடிரைவர் நிற்பதுபோல் தெரியும் அந்த இடம் உண்மையில் 10 டிகிரி அகலமான மைதானம். அதோடு இந்த எஞ்சினில் பிளக் தலையின் வலப்பக்கத்திலிருந்து சாய்வாக நுழைகிறது. ஸ்க்ரூடிரைவரும் சாய்ந்தே நிற்கும், சிக்கினால் பிஸ்டனைக் கீறும்.

பிஸ்டன் ஸ்டாப் இந்தச் சிக்கலை அழகாகச் சுற்றிவளைத்துத் தீர்க்கிறது. பிஸ்டன் அசையாத இடத்தில் அளப்பதை விட்டுவிட்டு, நன்றாக அசையும் இடத்தில் இரண்டு பக்கமும் அளந்து நடுவை எடுக்கிறோம். உச்சியிலிருந்து 30 டிகிரி தள்ளி நிற்கும்போது, கிராங்க் ஒரு டிகிரி திரும்பினால் பிஸ்டன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் நகர்கிறது. அங்கே தவறுவது கடினம்.

செய்வது இப்படி. ஒரு பழைய 14 மி.மீ. பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, இரும்பு உடலில் ஒரு போல்ட்டை மரை வெட்டிப் பொருத்துங்கள். போல்ட்டின் முனையை அரத்தால் உருட்டி விடுங்கள். அடைபட்ட காற்று வெளியேற போல்ட் வழியாகச் சின்ன ஓட்டை ஒன்று இருந்தால் சுற்றுவது சுலபம். கடையிலும் ஆயத்தமாகக் கிடைக்கிறது, ஆனால் நீளத்தை மாற்ற முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். நான்கு பிளக்குகளையும் எடுத்துவிடுங்கள். ராக்கர் கவரையும் கழற்றிவிடுவது நல்லது, வால்வுகள் திறக்கும்போது போல்ட்டில் இடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சுற்றலாம். புல்லிக்கு மேலே, டைமிங் கவரின் ஒரு போல்ட்டில், தகரப் பட்டை ஒன்றை வளைத்து மாட்டி அதன் முனையைப் புல்லி விளிம்புக்கு மிக அருகில் கொண்டுவாருங்கள். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். உறுதியாக இருக்க வேண்டும். இதுதான் இனி உங்கள் முள்.

பிஸ்டன் கொஞ்சம் இறங்கிய நிலையில் ஸ்டாப்பை ஒன்றாவது துளையில் திருகுங்கள். ஒன்றாவது சிலிண்டர் ரேடியேட்டர் பக்கம் இருப்பது. இப்போது எஞ்சினை முன்னோக்கி மெல்லச் சுற்றி, பிஸ்டன் போல்ட்டைத் தொட்டதும் நிறுத்துங்கள். ஸ்டார்ட்டரைப் பயன்படுத்தவே கூடாது, பிஸ்டனில் ஓட்டை விழும். தகர முள்ளுக்கு நேராகப் புல்லியில் ஒரு கோடு. பிறகு பின்னோக்கிச் சுற்றுங்கள், ஏறக்குறைய முழுச் சுற்று வந்து மறுபக்கம் தொடும். அங்கே இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் உள்ள சிறிய வில்லின் சரி பாதிதான் உண்மையான டி.டி.சி. ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பைப் புல்லி மேல் ஒட்டி, கோடுகளை அதில் போட்டு, உரித்து, மடித்துப் பாதி எடுத்தால் அளவுகோலே தேவையில்லை.

நான் முதன்முறை செய்தபோது கார் நான்காம் கியரில் இருந்தது, மகள் பின்னாலிருந்து அங்குலம் அங்குலமாகத் தள்ளினாள். "போதுமாப்பா?" என்று அவள் கேட்கவும் போல்ட்டில் 'டக்' என்று ஒரு மெல்லிய தொடல் கேட்கவும் சரியாக இருந்தது. மூன்று முறை திரும்பச் செய்தோம். மூன்று முறையும் பாதிப்புள்ளி ஒரே இடத்தில் விழுந்தது. அந்த மாலையில்தான் அந்த எஞ்சினை முதல் தடவையாக எனக்குத் தெரியும் என்று தோன்றியது.

டி.டி.சி. கிடைத்துவிட்டது என்றால் மற்ற டிகிரிகளைப் புல்லியிலேயே அளந்துவிடலாம். புல்லியின் சுற்றளவை நூலால் அளந்து 360ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு எத்தனை மி.மீ. என்று வரும். சுற்றளவு 400 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 1 டிகிரிக்கு 1.11, 10 டிகிரிக்கு 11.1, 32 டிகிரிக்கு (இந்த எண் எதற்கு என்று பின்னால் வரும்) 35.6 மி.மீ. இங்கே பெரும்பாலானோர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: அட்வான்ஸ் கோடுகள் டி.டி.சி. கோட்டின் எந்தப் பக்கம்? முள் ஒன்று, கோடுகள் பல என்றால், அட்வான்ஸ் கோடுகள் சுற்றும் திசையில் டி.டி.சி.க்கு முன்னால் போக வேண்டும். முன்னால் நின்று பார்க்கையில் டி.டி.சி. கோடு மேலே முள்ளுக்கு நேராக இருந்தால், 10ம் 32ம் அதற்கு வலப்பக்கம். கோடு ஒன்று, முட்கள் பல என்ற தொழிற்சாலை முறையில் இது தலைகீழ். தொழிற்சாலைப் படத்தைப் பார்த்து அப்படியே புல்லியில் கோடு போட்டு, ரிட்டார்டை (தாமதத்தை) அட்வான்ஸ் என்று நினைத்துக்கொண்டவர்கள் இதனால்தான்.

பின்னால் டயல் உள்ள டைமிங் லைட் இருந்தால் இந்தக் கோடுகளில் டி.டி.சி. ஒன்று மட்டும் போதும். டயலை 14இல் வைத்தால் எஞ்சின் 14 டிகிரியில் எரியும்போது டி.டி.சி. கோடு முள்ளுக்கு நேராக நிற்பதுபோல் தெரியும். 32இல் வைத்தாலும் அப்படியே. ஒரே ஒரு கோடு, ஆனால் உண்மையான கோடு. என் கருத்தில் இதுவே மிகச் சிறந்த ஜோடி.

எம்.ஜி.பி.யில் லைட்டை இணைப்பதற்கும் ஒரு வார்த்தை. பேட்டரி பானெட்டுக்குள் இல்லை, சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில், 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளாக இருக்கிறது. லைட்டின் வயர் அவ்வளவு தூரம் எட்டாது. ஃபியூஸ் பாக்ஸில் பழுப்பு வயர் வரும் முனையிலோ ஸ்டார்ட்டர் சொலினாய்டின் பெரிய முனையிலோ மின்சாரம் எடுக்கலாம். 1967 இறுதி வரை வந்த கார்களில் பாசிட்டிவ்தான் எர்த். அப்படியென்றால் லைட்டின் சிவப்புக் கிளிப் எஞ்சினில், கறுப்புக் கிளிப் பழுப்பு வயரில். பழக்கத்தில் சிவப்பைப் பழுப்பு வயரில் மாட்டினால் லைட் போய்விடலாம். யாராவது நடுவில் எர்த்தை மாற்றியிருக்கவும் கூடும், மீட்டரால் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

குறி சரியாக இருந்தாலும் எண் சரியா என்ற கேள்வி இருக்கிறது. 10, 14 எல்லாம் அந்தக் காலத்து நான்கு நட்சத்திரப் பெட்ரோலுக்கும் புத்தம்புது லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் எழுதியவை. பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து பெட்ரோல் பங்க்குகளில் சாதாரணமாகக் கிடைப்பது 95 ஆக்டேன் ஈ10, அதாவது பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வேகத்துக்கேற்ப அட்வான்ஸைக் கூட்டும் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது டிஸ்ட்ரிபியூட்டரே வேறு காருடையதாக இருக்கும். அதனால் ஐடிலில் மட்டும் பார்த்தால் போதாது. வேக்யூம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, எஞ்சினை 3500, 4000 ஆர்.பி.எம். வரை கொண்டுபோய், அட்வான்ஸ் இனி ஏறவில்லை என்று தெரியும் இடத்தில் படியுங்கள். மொத்தம் 30க்கும் 34க்கும் நடுவில் இருந்தால் இந்த எஞ்சினுக்குப் பொதுவாக நலம், நான் 32இல் நிறுத்துகிறேன். கீழே உள்ள மூன்று முட்களால் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. மூன்றாவது வழியின் பக்கம் நான் சாய்வதற்கு இதுவே பெரிய காரணம்.

நான்காவது வழி, காதால் வைப்பது. இதை இகழ்ந்து சொல்ல எனக்கு மனம் வராது. அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் இந்த எஞ்சினின் அண்ணன், அதே பி.எம்.சி. பி சீரிஸ் குடும்பம். பிளக் துளையில் கட்டைவிரலை வைத்துக் காற்று தள்ளுவதை உணர்ந்து, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சத்தம் கேட்டு, ஒரு மேட்டில் ஓட்டிப் பார்த்து டைமிங் வைத்த மெக்கானிக்குகளின் கையில் அந்த எஞ்சின்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடின. நடுவழியில் டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப் தளர்ந்துபோனால் வீடு வந்து சேர எனக்கும் அதுதான் வழி. ஆனால் அவர்கள் ஒரே எஞ்சினை நூறு முறை கேட்டவர்கள். நாம் ஒன்றை வைத்துக்கொண்டு வருடத்துக்கு இரண்டு முறை கேட்கிறோம். அட்வான்ஸைக் கூட்டக் கூட்ட ஐடில் ஏறும், எஞ்சின் குஷியாக ஓடுவதுபோல் தோன்றும், காது அதையே தேர்ந்தெடுக்கும். வேக்யூம் கேஜும் அதே பக்கம்தான் இழுக்கும். பிறகு ஏற்றத்தில் நாக்கிங், அதாவது எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடிக்கும் தட்டல். திறந்த காரில், காற்றிலும் எக்ஸாஸ்ட் சத்தத்திலும், அதிவேக நாக்கிங் காதில் விழாமலேயே பிஸ்டனைத் தின்னும். வழியில் சமாளிக்க இந்த முறை சரி, நிரந்தரமாக வேண்டாம்.

கட்டைவிரல் வித்தையை மட்டும் எந்த வழியிலும் விட்டுவிடாதீர்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் டி.டி.சி. இரண்டு முறை வரும், தீப்பொறி வேண்டியது ஒன்றில்தான். பிஸ்டன் ஸ்டாப்பும் குறியும் எது எது என்று சொல்லாது. விரலைத் தள்ளும் காற்று சொல்லும். ராக்கர் கவர் திறந்திருந்தால் நான்காவது சிலிண்டரின் இரண்டு ராக்கர்களைப் பாருங்கள். ஒன்று மூடி மற்றது திறக்கத் தொடங்கி இரண்டும் ஆடும் நேரத்தில் ஒன்றாவது சிலிண்டர் எரியும் நிலையில் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டார் அப்போது ஒன்றாவது பிளக் வயரை நோக்க வேண்டும். அங்கிருந்து எதிர்க்கடிகாரத் திசையில் 1, 3, 4, 2.

ஆக, உங்கள் காருக்கு எது? கீழே உள்ள முட்கள் தெளிவாக இருந்து, பிஸ்டன் ஸ்டாப் சோதனையில் அவை உண்மை என்று தெரிந்தால், வெட்டை டி.டி.சி. முள்ளில் நிறுத்திவிட்டு மேலே உங்கள் தகர முள்ளுக்கு நேராக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். குறி மேலே வந்துவிட்டது, வேலை முடிந்தது. பொய் என்று தெரிந்தால் பாதிப்புள்ளியில் புதுக்கோடு. எஞ்சின் வெளியே வரும் நாள் வந்தால் அப்போது மேல் முள் கவர். மூன்று பேருக்கும் ஆரம்பம் ஒரே சோதனை, அரை நாள் வேலை, செலவு ஒரு பழைய பிளக். ஒன்று மட்டும் கவனம்: புல்லி ரப்பர் வைத்த வகை என்றால் புதுக்கோடு போடுவதில் பயனில்லை, அடுத்த மாதம் மறுபடி நழுவும். உள்வட்டத்திலும் வெளிவட்டத்திலும் சேர்ந்தாற்போல் ஒரு கோடு இழுத்து, சில நூறு மைல் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் புல்லியைத்தான் மாற்ற வேண்டும்.

பெயிண்ட் காயும் நேரத்தில் நான் ஒரு சிறிய அட்டையில், புல்லியின் பழைய வெட்டை நம்ப வேண்டாம், மேலே உள்ள வெள்ளைக் கோடு பிஸ்டன் ஸ்டாப் வைத்துப் போட்டது, மொத்த அட்வான்ஸ் 32, தேதி இது என்று எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, காரின் கைப்புத்தகத்துக்குள் செருகிவைத்தேன். கீழே பழைய வெட்டில் நான் முன்பு தொட்டுவைத்த வெள்ளைப் பெயிண்டையும் சுரண்டி எடுத்துவிட்டேன்.